பெட்ராவுக்கு இரண்டு இடம்

அத்தியாயம் 14

டாமராக் ஊரில் மே மாதம் முதல் தேதி என்றால் நாள்காட்டிக்கு வசந்தம். பனிக்கு நாள்காட்டி படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ரூடி ஸுபான்சிச் இரும்புச் சுரங்கத்தின் இரவு வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது, வாசலில் பனி அவன் முழங்கால் வரைக்கும் இருந்தது. ரூடி உயரமான ஆள்.

இதுவரை படித்து வந்தவர்களுக்கு அந்த வீட்டின் நிலைமை தெரியும். நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரூடியின் ஒரே மகள் பெட்ரா, பதினேழு வயது. போன இலையுதிர் காலம் முழுக்க நாட்டிலுள்ள கல்லூரிகளெல்லாம் அவளுக்குப் பளபளப்பான தாள்களாக அனுப்பித் தள்ளின. பாரம் தாங்காமல் தபால் பெட்டிக் கம்பம் இரண்டு முறை சாய்ந்தது. தபால்காரர் உதவிக்கு ஓர் ஆள் கேட்டு மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். ஒரு கல்லூரி அவர்கள் வீட்டு நாய்க்கே தனியாகக் கடிதம் எழுதியது. நாய்க்கு மதிப்பெண் போதவில்லை என்று பிறகு தெரியவந்தது.

அத்தனையும் வடிந்து கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று, நான்கு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் பிரிவு. முப்பதாயிரம் மாணவர்களுக்கு நடுவே நூற்றிருபது பேருக்கு மட்டும் தனி வகுப்பு, தனி விடுதி, படிப்புச் செலவு முழுவதும் இலவசம். மற்றொன்று, மாசசூசெட்ஸ் மலைகளுக்கிடையே இருக்கும் தோர்ன்பரி கல்லூரி. தனியார் கல்லூரி. பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அங்கே செலவில் பாதிக்குத்தான் உதவி.

ரூடிக்குத் தோர்ன்பரி. அவன் மனைவி மார்லிஸுக்கு மாநிலப் பல்கலைக்கழகம். ஐந்து வாரமாக அந்த வீட்டில் ஒரு இரவுச் சாப்பாடு கூட முழுதாக முடிந்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: இனி வாயே திறப்பதில்லை, முடிவு பெட்ராவுடையது. தினமும் காலையில் ஆளுக்கொரு தடவை அதை அவளிடம் சொல்லியும் வந்தார்கள்.

முடிவு சொல்லக் கடைசி நாள் இன்றுதான். நள்ளிரவு பன்னிரண்டு மணி வரை.

சமையலறையில் பெட்ரா நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். அவள் போட்டிருந்தது சாம்பல் நிறச் சட்டை. அதில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை.

ரூடி அந்தச் சட்டையைப் பார்த்தான். மே முதல் தேதியன்று கடைசி வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் சேரப்போகும் கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். மதியம் வாசற்படியில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அது அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம்.

"என்னம்மா, சட்ட ஒண்ணும் கிடைக்கலயா?"

"இது சட்டதான்ப்பா."

"எழுத்து எதுவும் இல்லயே."

"துவச்சதுல போயிருக்கும்." அவள் ரொட்டியின் ஓரத்தை நாய்க்குப் போட்டாள். "நீ போய்த் தூங்கு. கண்ணு ரெண்டும் செங்கல் மாதிரி இருக்கு."

"தூங்கறேன். முடிவு உன்னோடதுதான், தெரியும்ல?"

பெட்ரா புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். அவனை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறவள் போல் இருந்தது. கேட்கவில்லை.

"தெரியும்ப்பா," என்று சொல்லிவிட்டுப் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கப் போனாள்.

ரூடி பூட்ஸைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். இருபத்தேழு வருடமாக அவன் ஓட்டுவது தாதுக்கல் லாரி. மூன்று மாடி உயரம். அதன் பின்சக்கரத்துக்கு அடியில் ஒருமுறை மேற்பார்வையாளரின் கார் நசுங்கியதை, அதை ஓட்டிய ரூடியின் நண்பன் மறுநாள் நாளிதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அத்தகைய வண்டியை இரவு முழுக்கப் பள்ளத்துக்குள் இறக்கி ஏற்றி ஓட்டுகிறவனுக்குக் கவனம் பிசகாது. ஆனால் புதன்கிழமையிலிருந்து ரூடி இரண்டு முறை காப்பியில் உப்பைப் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை காலையில் வேலை முடிந்து வந்தவன், வீட்டில் யாருமில்லாத நேரத்தில் கணினி முன் உட்கார்ந்தான். பெட்ராவின் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும், மார்லிஸுக்கும் தெரியும். குளிர்காலத்தில் உதவித்தொகைப் படிவங்களை நிரப்பியவர்கள் அவர்கள்தான். சும்மா பார்ப்போம் என்றுதான் தோர்ன்பரியின் பக்கத்துக்குள் போனான். செங்கல் கட்டடத்தில் கொடி படர்ந்திருந்தது. அதன் கீழே ஒரு பச்சைப் பொத்தான். 'என் இடத்தை ஏற்றுக்கொள்கிறேன்.' இருபத்தாறு மணி நேரமாகத் தூங்காதவன் எதிரில் பச்சைப் பொத்தானை வைப்பதே தப்பு என்பது ரூடியின் கட்சி. படகுக்குப் புது மோட்டார் வாங்க வைத்திருந்த பணம் முன்பணமாகப் போயிற்று. திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டின. ஒரு நிமிடம் அவனே மாசசூசெட்ஸில் படிக்கப் போவது போல் இருந்தது.

அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தான். சாம்பல் சட்டையைப் பார்த்ததும் நாக்கு மடங்கிவிட்டது. மேசை மேலேயே தலை சாய்த்தான். கண்ணை மூடி ஒரு நிமிடம் ஆகியிருக்காது என்று அவன் நினைத்தபோது தொலைபேசி அடித்தது. மணி பத்து.

"ரூடி, கொஸ்கெலா பேசறேன். பள்ளிக்கூடத்துக்கு வா."

"பெட்ராவுக்கு ஏதாவது…"

"பெட்ராவுக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் ஏதோ இருக்கு. வா."

லெம்பி கொஸ்கெலா அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மேற்படிப்புக்கு வழி சொல்கிற ஆசிரியை. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வருடா வருடம் ஜூனில் ஓய்வு பெற்று, கேக் வெட்டி, செப்டம்பரில் திரும்பி வந்துவிடுவார். அவருக்காக வெட்டிய கேக்குகளை அடுக்கினால் கொடிக்கம்பத்தை எட்டும். ரூடிக்கும் அவர்தான் வழி சொன்னார். முப்பது வருடத்துக்கு முன்னால், ஒரே நிமிடத்தில்: "உங்கப்பா சுரங்கத்துலதானே இருக்காரு? அப்புறம் என்ன."

ரூடி அவருடைய அறைக்குள் நுழைந்தபோது மார்லிஸ் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். அவள் அதே பள்ளியின் உணவுக்கூடத்தில் வேலை செய்கிறாள். சமைக்கும்போது முடி உதிராமல் தலையில் போடும் வலையைக் கூடக் கழற்றவில்லை. ஏப்ரனில் உருளைக்கிழங்கு ஒட்டியிருந்தது. அவளும் புதன்கிழமையிலிருந்து தூங்காதவள் போல் இருந்தாள். அது ஏன் என்று ரூடி யோசிக்கவில்லை.

"கதவச் சாத்து," என்றார் கொஸ்கெலா. மேசை மேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரு பிள்ள ஒரு காலேஜுக்குச் சரின்னு சொன்னா, அந்தக் காலேஜ் எங்கிட்ட கடைசி மதிப்பெண் பட்டியல் கேக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பட்டியல். நாப்பது வருஷமா அப்படித்தான். இன்னைக்குக் காலையில பெட்ரா பேருல ரெண்டு வந்திருக்கு."

ரூடி எட்டிப் பார்த்தான். ஒன்றில் கொடி படர்ந்த கட்டடம். மற்றொன்றில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் முத்திரை.

ஆக, பெட்ரா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சரி சொல்லிவிட்டாள். அவன் செய்தது தெரியாமலே தானாக முடிவெடுத்துவிட்டாள். அவன் ஆசைப்பட்டதை அல்ல. சரி. அவள் முடிவு. அவன் குறுக்கே போய்க் கெடுத்து வைத்திருக்கிறான்.

"டீச்சர், அந்தத் தோர்ன்பரி நான் செஞ்சது," என்றான். "பெட்ராவுக்குத் தெரியாது. புதன்கிழம காலையில… தூக்கக் கலக்கம். நானே விலக்கிடறேன். அவ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கே போகட்டும்."

கொஸ்கெலா மார்லிஸைப் பார்த்தார்.

மார்லிஸ் தலைவலையை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஸ்டேட்டு நான் செஞ்சது," என்றாள்.

ரூடி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"எப்ப?" என்றான் ரூடி.

"செவ்வாக்கிழம."

"ஞாயித்துக்கிழமதானே கை குலுக்கினோம்."

"நீ புதன்கிழம வரைக்கும் தாங்கினே. பெரிய சாதனதான்."

"நான் ரெண்டு நாளாத் தூங்கல மார்லிஸ்."

"நான் மூணு நாளாத் தூங்கல. அதுலயும் நாந்தான் முன்னாடி."

கொஸ்கெலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஊருல அப்பனாத்தா போடற சண்ட எல்லாத்தயும் இந்த நாற்காலியிலதான் பாத்திருக்கேன். பொண்ணுக்குத் தெரியாம ஆளுக்கொரு காலேஜுல சேத்துவிட்டவங்கள இப்பத்தான் பாக்கறேன். ஓய்வு பெறாம இருந்தது நல்லதாப் போச்சு."

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல இரண்டு கல்லூரியில் இடம் பிடிப்பது அந்த உலகத்தில் பெரிய குற்றம். அதை அவர் விரலை நீட்டாமல், குரலை உயர்த்தாமல் விளக்கினார். "ராத்திரி பன்னெண்டுக்குள்ள ஒண்ண விடணும். விட்டா விட்டதுதான். காத்துக்கிட்டிருக்கற பிள்ளைக்கு அந்த எடம் போயிடும், திரும்பக் கேட்டாத் தர மாட்டாங்க. விடாம ரெண்டயும் வெச்சிருந்து அவங்களுக்குத் தெரிஞ்சிதுன்னா, ரெண்டு பேருமே கைய விரிச்சுடலாம். அப்புறம் பெட்ராவுக்கு ஒண்ணுமே இல்ல."

"ரெண்டயும் ரத்து பண்ணிட்டு, அவளே புதுசா ஒண்ண அமுக்கினா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"அதத்தான சொல்றேன். ரத்து பண்ணினதுக்கு அப்புறம் அமுக்க ஒண்ணும் இருக்காது."

ரூடிக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. பெட்ரா இனி எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அப்பா அமுக்கியதாகவோ அம்மா அமுக்கியதாகவோ இருக்கும். அவளுக்கு மிஞ்சியிருப்பது ஒன்றை அழிப்பது மட்டும்தான். அவளுடைய விரலுக்கென்று இருந்த ஒரே வேலையை இவர்கள் இருவரும் எடுத்துத் தின்றுவிட்டார்கள்.

"அவளக் கூப்பிடுங்க டீச்சர்," என்றான்.

"வந்துக்கிட்டிருக்கா."

பெட்ரா உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மேசையிலிருந்த இரண்டு தாள்களையும் பார்த்தாள். உட்காரவில்லை.

ரூடி எழுந்து நின்றான். "அம்மாடி, ஒரு விஷயம் நடந்துபோச்சு…"

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"புதன்கிழம சாயங்காலம் உள்ள போய்ப் பாத்தேன். தோர்ன்பரி பக்கத்துல 'வாழ்த்துகள், எங்கள் குடும்பத்துக்கு வருக'ன்னு இருந்திச்சு. எனக்குத்தான் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு ஸ்டேட்டுப் பக்கத்தத் தொறந்தேன். அங்கயும் வருகன்னு இருந்திச்சு." பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "வியாழக்கிழம காலையில நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் 'முடிவு உன்னோடது'ன்னு சொன்னீங்க. இன்னைக்கும் சொன்னீங்க."

அவள் கத்தியிருந்தால் ரூடிக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

மார்லிஸ் மடியிலிருந்த வலையை உருட்டிக்கொண்டிருந்தாள். "நான் சொல்றேன். ஏப்ரல்ல உன்கூடத் தோர்ன்பரிக்கு வந்தேன்ல. நீ வகுப்பு பாக்கப் போயிட்டே. எங்களுக்கெல்லாம் ஒரு கூடாரத்துல தேநீர் குடுத்தாங்க. ஒரு அம்மா வந்து நான் என்ன பண்றேன்னு கேட்டாங்க. சாப்பாட்டுத் தொழில்னு சொன்னேன். எத்தன கிளைன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?" என்றாள் பெட்ரா.

"ஒரு கிளைதான், ஆனா போட்டியே இல்லன்னு சொன்னேன். அந்தம்மா விலாச அட்டை குடுத்துட்டுப் போனாங்க." மார்லிஸ் சிரிக்கவில்லை. "நாலு வருஷம் நீ அவங்க பிள்ளைங்க கூட இருந்துட்டு வருவே. நான் இந்த வலயப் போட்டுக்கிட்டு உன்ன விமான நிலையத்துல கூப்பிட வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல. ஸ்டேட்டு நல்ல எடம்தான். அதுக்காகவும்தான். ஆனா செவ்வாக்கிழம அமுக்கினது இதுக்காக."

எல்லோரும் ரூடியைப் பார்த்தார்கள்.

"இருவத்தேழு வருஷத்துல ஏழு மேலதிகாரிங்க," என்றான் ரூடி. "எல்லாரும் அந்த மாதிரிக் காலேஜுல இருந்துதான் வந்தாங்க. போன குளிருக்கு வந்தவன் சுரங்க வரைபடத்தத் தலகீழாப் புடிச்சுக்கிட்டு கழிவுக் கல்ல எங்க கொட்டணும்னு எனக்குக் காட்டினான். நாங்க பன்னெண்டு பேரு நின்னோம். ஒருத்தனும் வாயத் தெறக்கல. அவன் சொன்ன எடத்துலயே மூணு நாள் கொட்டினோம். இப்ப அங்க ஒரு மல இருக்கு. அடுத்த வருஷம் அதுக்குப் பேரு வெக்கப் போறாங்க."

"அதுக்கு?"

"அந்த வரைபடம் உன் கையில இருக்கணும்னு நெனச்சேன். நீ நேராப் புடிப்பே."

பெட்ரா சுவரில் சாய்ந்துகொண்டாள். மூன்று வருடமாக அவள் ஊரைச் சுற்றியுள்ள பழைய சுரங்கக் குழிகளில் தேங்கிய தண்ணீரை எடுத்துச் சோதித்து வருகிறாள். வீட்டு நிலவறையில் இருநூறு கண்ணாடிக் குடுவைகள் இருக்கின்றன. ரூடி போன வருடம் தூக்கக் கலக்கத்தில் அதிலொன்றைக் குடித்துவிட்டான். இருமும்போது அவன் மீது காந்தம் ஒட்டும் என்று சுரங்கத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

"ஸ்டேட்டுல ஒரு ஏரி ஆராய்ச்சிக் கூடம் இருக்கு," என்றாள் அவள். "ஆனர்ஸ் பிள்ளைங்கன்னா மொத வருஷத்துலயே உள்ள விடுவாங்க. அந்தப் புரொஃபசர் எனக்குக் கையால கடிதம் எழுதினாரு. தோர்ன்பரியில பதினோரு பேரு ஒரே மேசையச் சுத்தி உக்காந்து பேசினாங்க. பாடம் எடுத்த புரொஃபசரம்மா எங்கூட நாப்பது நிமிஷம் சண்ட போட்டாங்க. என் குழித் தண்ணியப் பத்தி. அவங்களுக்கு மதியச் சாப்பாடே போச்சு. எங்கூட யாரும் அப்படிச் சண்ட போட்டதில்ல." அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தடுமாறியது. "அஞ்சு வாரமா எது நல்லது, எது நல்லதுன்னு பேசினீங்க. எனக்கு எது புடிச்சிருக்குன்னு ஒருத்தரும் கேக்கல."

"எது புடிச்சிருக்கு?" என்றான் ரூடி.

"இப்பக் கேக்காதப்பா."

கொஸ்கெலா எழுந்து தன் கணினியின் திரையைப் பெட்ராவின் பக்கம் திருப்பினார். "பெரியவங்க வெளியில போலாம். நானும்தான் வரேன்."

நடைவழியில் மூவரும் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரிக்கு எதிரே நின்றார்கள். ரூடிக்கு நின்றபடியே கண் சொருகியது. அலமாரியிலிருந்த ஹாக்கி அணியின் பழைய படத்தில் அவனே நின்றான், பதினெட்டு வயதில், முன்பல் இரண்டு இல்லாமல். அந்தப் பையனை யாரும் எதுவும் கேட்டதில்லை. அவனும் கேட்கப்படாததைப் பெரிதாக எண்ணியதில்லை, இன்று காலை வரைக்கும்.

நாலு நிமிடத்தில் கதவு திறந்தது.

"முடிஞ்சிது," என்றாள் பெட்ரா. "என்ன பண்ணணுமோ பண்ணிட்டேன். டீச்சர் கிட்ட மட்டும் சொல்றேன். கடவுச்சொல்ல மாத்திட்டேன்."

"எந்த…" என்று ஆரம்பித்தாள் மார்லிஸ்.

"திங்கக்கிழம சொல்றேன்ம்மா. அதுவரைக்கும் இது என்னோடதா மட்டும் இருக்கட்டும். மூணு நாள்தானே."

அவள் கொஸ்கெலாவின் காதில் ஏதோ சொன்னாள். அதிக நேரம் ஆகவில்லை. கொஸ்கெலாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருடப் பயிற்சி அது. பெட்ரா வகுப்புக்குப் போனதும் ரூடி அவரை மறித்தான்.

"டீச்சர், பட்டியல எங்க அனுப்பப் போறீங்கன்னு மட்டும்…"

"எங்க அனுப்பறேன்னும் சொல்ல மாட்டேன், அனுப்பறேனான்னும் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போ ரூடி. நீ நிக்கற நில சரியில்ல, சுவரு உன்னப் புடிச்சிக்கிட்டிருக்கு."

ரூடி வீட்டுக்குப் போகவில்லை. மார்லிஸுடன் உணவுக்கூடத்துக்குப் போய், அன்றைக்கு இறைச்சி மேல் உருளைக்கிழங்கை அடுக்கிச் சுட்டிருந்த ஹாட்டிஷில் ஒரு தட்டு வாங்கி, சாப்பிடாமல் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் வாசற்படிக்கு வந்தார்கள். மேலங்கியைக் கழற்றிவிட்டுச் சட்டை தெரிய நின்றார்கள். எல்லோருடைய மூக்கும் ஒரே நிறத்தில் இருந்தது.

எப்படி நிற்பது என்பதிலும் வழக்கம் உண்டு. மாநிலத்துக்குள் படிக்கப் போகிறவர்கள் இடப்பக்கம். வெளி மாநிலம் போகிறவர்கள் வலப்பக்கம். கல்லூரிக்குப் போகாமல் சுரங்கத்துக்கோ பட்டாளத்துக்கோ போகிறவர்கள் நடுவில். ரூடி அந்தக் காலத்தில் நடுவில் நின்றவன்.

பெட்ரா கடைசியாக வந்தாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். சாம்பல் சட்டையோடு போய் நடுவில் நின்றாள்.

மார்லிஸின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"நடுவுல நின்னுட்டா," என்றாள்.

"எடம் இருந்த எடத்துல நின்னிருப்பா."

"வலப்பக்கம் நாலே பேருதான் ரூடி. அங்க ஒரு லாரிய நிறுத்தலாம்."

அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்லிஸின் வேலை இரண்டு மணிக்கு முடிந்தது. இருவரும் இரண்டு வண்டிகளில் முன்னும் பின்னுமாக வீட்டுக்கு வந்து, சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இரண்டே முக்காலுக்கு ரூடியின் கைபேசி டிங் என்றது. தோர்ன்பரி கல்லூரியிலிருந்து மின்னஞ்சல்; புதன்கிழமை படிவத்தில் அவன் தன் எண்ணையும் முகவரியையும்தான் கொடுத்திருந்தான். அவன் விரல் திரைக்கு மேலே நின்றது. அவன் ஒன்றும் செய்வதற்குள் மார்லிஸின் கைபேசியும் டிங் என்றது. மாநிலப் பல்கலைக்கழகம்.

"ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க," என்றாள் மார்லிஸ்.

"ஒண்ணு வான்னு இருக்கும். இன்னொண்ணு போன்னு இருக்கும்."

"ரெண்டுமே போன்னு இருந்தா?"

ரூடி நாயைப் பார்த்தான். நாய் சுவரைப் பார்த்தது.

மணி பன்னிரண்டு அடிக்க இன்னும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பெட்ரா இரண்டையும் விட்டிருந்தால் இப்போதே ஓடிப்போய் யார் காலையாவது பிடிக்கலாம். கடிதத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். ஒரு விரல் போதும். ரூடிக்கு அந்த விரலின் மேல் இப்போது நம்பிக்கை இல்லை.

"நான் பாக்கல," என்றான்.

"நானும் பாக்கல," என்றாள் மார்லிஸ். ஆனால் கையை எடுக்கவில்லை.

பிறகு மார்லிஸ் எழுந்தாள். அவன் கைபேசியையும் தன் கைபேசியையும் எடுத்து ஃப்ரீஸருக்குள், குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை போட்டுப் பிடித்த மீன் பொட்டலங்களுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். வந்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினாள். நாள் முழுக்கப் பள்ளியில் உரித்ததும் அதைத்தான். ரூடியும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டான்.

மூன்றரைக்குப் பெட்ரா வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். இருவரும் தலை நிமிராமல் உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மேசையில் ஏற்கனவே இருபது பேருக்கான உருளைக்கிழங்கு இருந்தது.

"மீன் பொரிக்கலாமா?" என்று கேட்டபடி ஃப்ரீஸரைத் திறந்தாள். ஒரு பொட்டலத்தைத் தூக்கினாள். அதன் கீழே இருந்ததைக் கண்டு அப்படியே நின்றாள்.

"இது ஏன் இங்க இருக்கு?"

"கெட்டுப்போகாம இருக்கட்டும்னு," என்றாள் மார்லிஸ், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாங்க பாக்கல."

ஃப்ரீஸரின் புகை பெட்ராவின் முகத்தைச் சுற்றிப் படர்ந்தது. அவள் தோள் கொஞ்சம் இறங்கியதை ரூடி ஓரக்கண்ணால் பார்த்தான். அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து ஒரு கைபேசி, உறைந்த மீனுக்கு நடுவிலிருந்து, அடித்தது.

"அப்பா, உன்னோடது." அவள் குனிந்து பார்த்தாள். "மாசசூசெட்ஸ் நம்பரு."

ரூடியின் கால்கள் தாமாக எழப் பார்த்தன. அவற்றை மேசைக்கடியில் ஒன்றோடொன்று பின்னி நிறுத்தினான்.

"உனக்காத்தான் இருக்கும்," என்றான். "நீயே பேசு."

பெட்ரா கைபேசியை எடுத்து, காலுறையோடு பின்கதவைத் திறந்து பனியில் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். ஒரு கையை வேகமாக ஆட்டி யாரிடமோ எதையோ மறுத்தாள். ஒரு வார்த்தை கூட உள்ளே கேட்கவில்லை.

மார்லிஸ் ஜன்னல் கொக்கியை நோக்கிக் கையை நீட்டினாள். பாதி தூரம் போன கை நின்றது. திரும்பி வந்து இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்தது.